பழைய வண்டியும் புதிய பாகமும்: மூலத்தன்மை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மனிதன் ஆக்கும் பொருள்களுட் பெரும்பாலானவை அவன் காலத்திலேயே அழிந்துவிடுகின்றன. சில அவனைக் கடந்து வாழ்கின்றன. அவ்வாறு கடந்து வாழும் பொருளைப் பேணும் பொறுப்பு, ஆக்கியவன் கையிலிருந்து ஏற்றவன் கைக்கு மாறுகிறது. பொறுப்போடு வினாவொன்றும் உடன் வருகிறது. பொருளை ஆக்கப்பட்டவாறே வைத்திருத்தல் கடமையா? அன்றிக் காலத்தின் தேவைக்கேற்ப மாற்றியேனும் அதனை வாழவைத்தல் கடமையா? கோயில், கட்டடம், ஏட்டுச்சுவடி ஆகியன குறித்து இவ்வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வந்துள்ளது. மோட்டார் வண்டி குறித்து எழுப்பப்படுவது அண்மைக்காலத்ததே. எனினும் வண்டியிடத்து இது மிகக் கூர்மையடைகிறது. கோயில் நின்ற இடத்தில் நிற்பது. சுவடி பெட்டியில் இருப்பது. வண்டியோ ஓடுதற்கென்றே ஆக்கப்பட்டது. ஓடுந்தோறும் அது தேய்கிறது. ஓடாது நிறுத்திவைப்பின், வண்டி என்னும் பெயருக்குரிய இயல்பை இழக்கிறது.

வழக்கில் ‘அசல்’ எனப்படுவதை மூலத்தன்மை எனக் கொண்டால், அதனை மாற்றாது காத்தல் வேண்டும் என்போரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. பழைய வண்டி ஒரு வரலாற்றுச் சான்று. ஒரு காலத்தின் உலோகவியல், தொழிலாளர் கைத்திறன், அழகுணர்ச்சி, பொருளாதார நிலை ஆகிய அனைத்தும் அதன் உடலிற் பதிந்துள்ளன. ஒரு பாகத்தைக் கழற்றி வீசுதல் அச்சான்றின் ஒரு பக்கத்தைக் கிழித்தல் போன்றது. பண்டைக் கட்டடங்களைப் பேணுதற்கு 1964ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனம் இக்கொள்கையை வற்புறுத்தியது. அதன் வழியைத் தழுவி, பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 2012ஆம் ஆண்டு தூரின் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. அக்கூட்டமைப்பின் வரைவிலக்கணப்படி, வரலாற்று வாகனம் என்பது 30 ஆண்டுகளேனும் பழைமையுடையதாக இருத்தல் வேண்டும். வரலாற்றுக்கு இயைந்த நிலையிற் பேணப்படுதல் வேண்டும். அன்றாடப் போக்குவரத்துச் சாதனமாகப் பயன்படுத்தப்படாதிருத்தலும் வேண்டும். இம்மூன்றாவது நிபந்தனை ஆழ்ந்து நோக்கத்தக்கது. பிழைப்புக்காக நாள்தோறும் ஓட வேண்டியிராத வண்டியையே அது கருத்திற் கொண்டுள்ளது. வேறொரு வண்டி வாங்கும் வசதியுடையோர் வாழும் சமுதாயத்தில் எழுந்த வரைவிலக்கணம் அது எனலாம்.

அவ்வரைவிலக்கணத்துக்கு அடங்காத வண்டிகளின் வரலாற்றை அறிய விரும்புவோர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சிப் பகுதியிலுள்ள கொடிகாமத்தை நோக்குதல் தகும். கண்டி வீதியிலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதி பிரியும் இடம் அது. புகையிரத நிலையமும் பெயர்பெற்ற சந்தையும் அங்குள்ளன. தென்மராட்சியின் தேங்காயும் மாம்பழமும் பலாப்பழமும் அச்சந்தையினூடாக வடமராட்சிக்குச் சென்றன. அவற்றையும் அவற்றை விற்போரையும் வாங்குவோரையும் ஒருங்கே சுமந்தது தட்டிவான். குடாநாட்டின் பல பாதைகளில் ஒருகாலத்தில் ஓடிய இவ்வாகனம், ஏனைய இடங்களில் மறைந்த பின்னரும் கொடிகாமம் – பருத்தித்துறைப் பாதையில் நெடுங்காலம் நிலைத்து நின்றது. 2009இல் போர் முடிந்த பின்னரும் அப்பாதையிற் சில தட்டிவான்கள் ஓடின.

தட்டிவானின் அமைப்பே மூலத்தன்மை பற்றிய வினாவைச் சிக்கலாக்குகிறது. கடல் கடந்து வந்த அடிச்சட்டத்தின் மீது உள்ளூர்த் தச்சர் மரத்தாற் கூடு அமைத்தனர். பலகை இருக்கைகளைப் பொருத்தினர். பின்புறத்தே சங்கிலிகளால் தாங்கப்பட்டு, வேண்டியபோது இறக்கி விரிக்கத்தக்க தட்டி ஒன்றைச் சேர்த்தனர். வாழைக்குலையும் தேங்காய்ச் சாக்கும் அத்தட்டியில் ஏறின. வாகனத்துக்குப் பெயர் தந்ததும் அதுவே. 1958ஆம் ஆண்டு இலங்கையின் பேருந்துச் சேவை அரசுடைமையாக்கப்பட்ட பின்னரும், ஆளும் சரக்கும் ஒரே வண்டியிற் செல்லும் தேவை கிராமத்துக்கு இருந்தது. அத்தேவை தட்டிவானைக் காத்தது. பழைய எஞ்சின் தேய்ந்து உதிரிப்பாகம் கிடைக்காதபோது டீசல் எஞ்சின் அதனிடத்தைப் பிடித்தது. பலகை உக்கியபோது வேறு பலகை வந்தது. இவ்வாகனத்தின் மூலநிலை யாது? அடிச்சட்டத்தை வார்த்த தொழிற்சாலையின் நோக்கில் அது முதல் நாளிலேயே மாற்றப்பட்டுவிட்டது. அம்மாற்றத்தின் பயனாகவே அது தட்டிவான் ஆயிற்று. மாற்றத்தை நீக்கித் தூய்மைப்படுத்த முனைவோர் கையில் எஞ்சுவது ஓர் இரும்புச் சட்டமேயன்றித் தட்டிவான் அன்று.

இது தட்டிவானுக்கு மட்டும் உரிய விதிவிலக்கு எனச் சிலர் கூறலாம். தொழிற்சாலையில் முழுமையாக ஆக்கப்பட்ட காருக்கேனும் ஐயத்துக்கிடமற்ற மூலநிலை உண்டன்றோ என்பது அவர் வினாவாகும். குடாநாட்டு வீதிகளில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனரை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அலெக் இசிகொனிஸ் வடிவமைத்த அக்கார் 1948ஆம் ஆண்டு வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே, மாதிரி வண்டி ஒடுக்கமாக உள்ளதென உணர்ந்த இசிகொனிஸ் அதனை நெடுக்கே இரண்டாக அறுப்பித்து, இரு பாதிகளையும் விலக்கி வைத்து நோக்கி, 4 அங்குலம் அகலமாக்கினார். எஞ்சின் மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அவ்வெட்டின் தழும்பாகும். முன்னரே செய்து முடிக்கப்பட்டிருந்த பம்பர்களும் நடுவில் வெட்டி ஒட்டப்பட்டன. முதலில் 918 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய எஞ்சின் பொருத்தப்பட்டது. பின்னர் 803, 1956இல் 948, 1962இல் 1098 என எஞ்சின்கள் மாறின. இரண்டாகப் பிளந்திருந்த முன்கண்ணாடி ஒன்றாயிற்று. திரும்புந் திசையைக் காட்டக் கைபோல் நீண்ட கருவிக்குப் பதிலாக 1961இல் மின்னும் விளக்கு வந்தது. தொழிற்சாலையே தன் படைப்பை இடையறாது திருத்தியிருக்க, அத்திருத்தங்களுள் ஒன்றைப் பிந்திய சொந்தக்காரர் தம் பழைய காரிற் செய்துகொள்வது எவ்வாறு குற்றமாகும்? மூலம் எனப்படுவது அசையாத புள்ளியன்று. ஒரு வளர்ச்சியின் இடையே, ஒரு நாளில் எடுக்கப்பட்ட நிழற்படம் போன்றது.

மெய்யியல் மாணவர் ஈண்டுத் தீசியசின் கப்பலை நினைவுகூர்வர். புளூட்டாக் கூறும் அக்கப்பலின் பலகைகள் உக்க உக்க, ஏதென்சு மக்கள் புதிய பலகைகளை இட்டு அதனைக் காத்தனர். எல்லாப் பலகைகளும் மாறிய பின்னரும் அது தீசியசின் கப்பலேயா என அறிஞர் வாதிட்டனர். பதினேழாம் நூற்றாண்டில் தோமஸ் ஹொப்ஸ் அவ்வினாவை மேலும் முறுக்கினார். கழற்றப்பட்ட பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து அவற்றாற் கப்பல் ஒன்று கட்டினால், இரண்டனுள் எது தீசியசின் கப்பல்? பொருளின் தொடர்ச்சியை வேண்டுவோர் ஹொப்சின் கப்பலைச் சுட்டுவர். வடிவின், தொழிலின் தொடர்ச்சியை வேண்டுவோர் கடலில் மிதப்பதைச் சுட்டுவர். இப்புதிருக்கு அளவையியலால் முடிவு காணல் அரிது. ஆயின் அறவியல் கேட்கும் வினா வேறு. எது உண்மையான கப்பல் என்பதை விட்டு, பலகையை மாற்றியவன் எதன்பொருட்டு மாற்றினான், மாற்றியதை மறைத்தானா, கழற்றிய பலகையை என்செய்தான் என்று அது கேட்கிறது. பழைய வண்டி பற்றிய விவாதத்திலும் இவ்வினாக்களே பயன் தருவன.

எதன்பொருட்டு என்னும் வினாவுக்கு யாழ்ப்பாணத்தின் அண்மை வரலாறு தந்த விடை மறத்தற்கரியது. 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. மட்டுப்படுத்தப்பட்ட அளவில் மண்ணெண்ணெய் கிடைத்தது. அக்காலத்தில் ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். இதன் அடிப்படை புதியதன்று. 1940களிலும் 1950களிலும் பிரித்தானிய உழவு இயந்திரங்கள் பல, பெற்றோலில் இயங்கத் தொடங்கிப் பின்னர் மலிவான ஆவியெண்ணெயில் ஓடுமாறு ஆக்கப்பட்டிருந்தன. எளிதில் ஆவியாகாத மண்ணெண்ணெய் நன்கு எரிவதற்கு வெப்பம் வேண்டும். அழுத்தவிகிதம் உயர்ந்த எஞ்சினில் அது காலந்தப்பி வெடித்து எஞ்சினைச் சிதைக்கும். பழைய பிரித்தானியக் கார்களின் அழுத்தவிகிதம் ஏழு, எட்டு மடங்கை அண்டித் தாழ்ந்திருந்தமையால் அவை அதனைத் தாங்கின. பிற்காலத்துக் கார்களால் அது இயலவில்லை. பழையதன் குறைபாடு எனக் கருதப்பட்டதே இடர்க்காலத்தில் அதன் வலிமையாயிற்று.

அவ்வாறு ஓட்டுதல் எஞ்சினுக்கு நன்மை தருவதன்று. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் மசகெண்ணெயிற் கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும், கரி படியும், கரும்புகை எழும். மூலத்தன்மையே மேலான விழுமியம் எனின், அக்கார்களைத் துணியால் மூடிக் கொட்டிலில் நிறுத்தியிருத்தல் வேண்டும். ஆயின் அவற்றில் ஏறியோர் நோயாளரும் கருவுற்ற பெண்களும் காயம்பட்டோருமாவர். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தபோது, சாவகச்சேரியும் கொடிகாமமும் அவர்களுக்குப் புகலிடங்களாயின. சக்கரம் பூண்ட யாவும் அன்று உயிர்காக்கும் கருவிகளாயின. அந்நாளில் ஓர் எஞ்சின் தேய்ந்தமைக்காக வருந்துவார் இலர். உயிரின் தேவைக்கு முன் பொருளின் தூய்மை நிற்றல் ஆகாது என்பது இதனாற் பெறப்படும் முதல் முடிபு.

ஆயினும் இம்முடிபை எல்லை கடந்து விரித்தல் தவறாகும். இடர்க்காலத்தில் வேண்டியது எக்காலத்தும் வேண்டியதாகாது. தேவை என்னும் சொல்லின் மறைவிற் சோம்பலும் ஆடம்பரமும் ஒதுங்குவதுண்டு. செப்பனிடக்கூடிய எஞ்சினைச் செப்பனிடும் பொறுமையின்றி வெட்டி எறிதலும், அயலாரின் கண்ணைக் கவரும் பொருட்டுப் பழைய உடலில் பொருந்தாத சக்கரங்களையும் பளபளக்கும் அணிகளையும் ஏற்றுதலும் தேவையின்பாற் படா. ஆகவே தேவை யாருடையது என்பதைப் பகுத்தறிதல் வேண்டும்.

இரண்டு தேவைகள் ஐயத்துக்கிடமின்றி ஏற்கத்தக்கவை. ஒன்று, சூழல் மாறியமையால் எழும் தேவை. இலங்கையில் 2002ஆம் ஆண்டு ஈயம் கலந்த பெற்றோல் கைவிடப்பட்டது. மக்களின், சிறப்பாகக் குழந்தைகளின், உடல்நலத்தை நாடிச் செய்யப்பட்ட நல்ல மாற்றம் அது. ஆயின் பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகளுக்கு அவ்வீயமே பாதுகாப்பாயிருந்தது. அது நீங்கியபின் கடினமான உலோகத்தால் ஆன இருக்கைகளைப் பொருத்துதல் பல வண்டிகளுக்கு வேண்டியதாயிற்று. பழைய எஞ்சினைக் காக்கவே அதனுட் புதிய பாகம் புகுகிறது. மற்றையது, ஏறிச்செல்வோரின் பாதுகாப்பு. தட்டிவானில் ஏறும் சந்தை வியாபாரி பழைமையின் சுவைக்காக ஏறுவதில்லை. ஊர் போய்ச் சேர்வதற்காகவே ஏறுகிறார். பழைய பிரேக்கின் அழகை விரும்பிய சொந்தக்காரர் அதன் ஆபத்தைத் தாமே ஏற்கலாம். பயணக்காசு கொடுத்தவர்மீதும் வீதியோரத்திற் செல்லும் பள்ளிப்பிள்ளைமீதும் அதனைச் சுமத்துவதற்கு அவருக்கு உரிமையில்லை. தனியுடைமை என்னும் உரிமை இவ்விடத்து முடிவடைகிறது.

மறைத்தலும் மறையாமையும் பற்றிய வினாவுக்குத் தமிழ்ப் பதிப்பு வரலாற்றிலிருந்து ஒளி பெறலாம். பனையோலை நிலையற்றது. நூற்றாண்டுகளைக் கடந்து ஒரு நூல் வாழவேண்டின், அது மீண்டும் மீண்டும் புதிய ஏட்டில் எழுதப்பட்டாக வேண்டும். படியெடாதிருத்தல் நூலைக் கொல்லும். படியெடுப்போன் தன் சொல்லைப் புகுத்தி அதனை மூலத்தின் சொல்லாகக் காட்டினால், நூல் பொய்க்கும். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்து 1887ஆம் ஆண்டு கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையும், அவரையடுத்து வந்த உ. வே. சாமிநாதையரும் அழியும் ஏட்டிலிருந்து நூலை அச்சுக்குப் பெயர்த்தனர். பொருளும் வடிவும் முற்றாக மாறின, நூல் பிழைத்தது. ஏடுகளிடையே வேறுபாடு கண்டவிடத்து அதனைப் பாடபேதமாகக் குறித்துவைக்கும் முறை பதிப்புத்துறையில் நிலைபெற்றது. படித்தவர் தாமே தெளியுமாறு சான்றை விட்டுவைக்கும் நேர்மை அது. வண்டியைத் திருத்தும் மெக்கானிக்கும் ஒருவகைப் பதிப்பாசிரியரே. எப்பாகம், எந்நாளில், எக்காரணத்தால் மாற்றப்பட்டது என்னும் குறிப்பு வண்டியோடு செல்லுமாயின், மாற்றம் வரலாற்றின் பகுதியாகும். குறிப்பின்றி மாற்றி, ‘எல்லாம் அசல்’ எனக் கூறி விற்றல் களவின் வேறன்று.

இந்நேர்மை மாற்றுவோருக்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று, மீளமைப்போருக்கும் உரியது. போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார் ஒன்றைச் சேகரிப்பாளர் ஒருவர் வாங்குகிறார் எனக் கொள்வோம். அவர் கரியைச் சுரண்டி, கையால் ஒட்டிய குழாயைப் பிடுங்கி, இங்கிலாந்திலிருந்து வருவித்த பாகங்களைப் பூட்டி, 1950களில் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த கோலத்தை அதற்கு மீட்டுக் கொடுக்கிறார். காட்சிக்கு அது குறையற்ற மூலம். ஆயின் அக்காரின் வாழ்வில் மிகப் பொருள் நிறைந்த ஆண்டுகள் துடைக்கப்பட்டுவிட்டன. ஆக்கியோரின் கைத்திறனைப் போற்றும் பொருட்டு, அதனைக் காத்த கைகளின் திறன் அழிக்கப்படுகிறது. கொடிகாமத்துக் கராஜில் வளைக்கப்பட்ட செப்புக்குழாய் ஒக்ஸ்போட்டில் வார்க்கப்பட்ட பாகத்தினும் தாழ்ந்த சான்று என்று கூறுதற்கு எந்நியாயமும் இல்லை.

இதையொத்த வினாவை யாழ்ப்பாணச் சமுதாயம் வேறொரு களத்தில் எதிர்கொண்டதுண்டு. 1981ஆம் ஆண்டு எரியூட்டப்பட்ட பொது நூலகத்தை என்செய்வது என்பதில், எரிந்த பகுதியை நினைவுச் சின்னமாக விட்டுவைக்கவேண்டும் என்ற கருத்தும், பழைய வடிவிலேயே மீளக் கட்டவேண்டும் என்ற கருத்தும் எதிரெதிர் நின்றன. இறுதியில் பழைய வடிவு மீண்டது; நூலகம் வாசகருக்குப் பயன்பட்டது. தழும்பு மறைந்ததே என வருந்தியோரின் குரலிலும் உண்மை இருந்தது. வாழ்வோருக்குப் பயன்படுதலும் நிகழ்ந்ததை மறவாதிருத்தலும் இரு கடமைகள். ஒன்றை நிறைவேற்றியமையால் மற்றையது தீர்ந்துவிடாது. வடிவை மீட்டவர், தழும்பின் சான்றை வேறொரு வகையிற் காத்தல் வேண்டும்.

கழற்றிய பலகையை என்செய்தான் என்னும் மூன்றாம் வினா இதனால் விளக்கமுறுகிறது. மீட்கக்கூடிய மாற்றம் மீட்கவியலாத மாற்றத்தினும் மேலானது. டைனமோவுக்குப் பதிலாக ஓல்ரனேற்றரைப் பூட்டியவர் பழையதை எண்ணெயிட்டுப் பொதிந்து வைப்பின், பின்வருவோர் தம் தீர்ப்பை வழங்கும் உரிமை பாதுகாக்கப்படுகிறது. அடிச்சட்டத்தை வெட்டியவர் அவ்வுரிமையைப் பறித்துவிடுகிறார். இன்றைய தலைமுறையின் சுவையே இறுதித் தீர்ப்பு என்னும் செருக்கு, மாற்றுவோரிடத்தும் மீளமைப்போரிடத்தும் ஒருங்கே காணப்படும் குற்றமாகும்.

பொருளைப் பேணுதலோடு திறனைப் பேணுதலும் ஈண்டுக் கருதத்தக்கது. யப்பானின் இசே ஆலயம் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய மரத்தாற் கட்டப்படுவது மரபு. 2013ஆம் ஆண்டு அது இறுதியாகப் புதுப்பிக்கப்பட்டது. அங்கு மரம் நிலைப்பதில்லை. தச்சரின் கலை நிலைக்கிறது. சைவ மரபிலும் பழுதுற்ற கோயிலைப் புதுக்குதல் சீரணோத்தாரணம் எனப் போற்றப்படுகிறது. திருப்பணி நிகழுங்காலத்து மூர்த்தம் பாலாலயத்தில் எழுந்தருளியிருக்க, வழிபாடு இடையறாது நடைபெறும். கல்லும் சுதையும் மாறலாம். வழிபாடு அறுதல் ஆகாது என்பதே அதன் உட்கருத்து. தட்டிவானின் மரக்கூட்டைக் கட்டவல்ல தச்சரும், தேய்ந்த பாகத்தைக் கைக்கருவியால் கடைந்து தரும் தொழிலாளரும் அருகிவிடின், அருங்காட்சியகத்தில் நிற்கும் வண்டி எத்துணைத் தூயதாயினும் அதனை ஓட்டவும் திருத்தவும் அறிந்தார் இலராவர். வண்டி ஓடிக்கொண்டிருந்தாலன்றி அத்திறன் பிழைக்காது. பாகங்களை மாற்றாது வண்டி ஓடாது. எனவே அளவறிந்த மாற்றம் மூலத்தைக் காக்கும் வழிகளுள் ஒன்றாகவும் அமைகிறது.

எனினும் எல்லா வண்டிகளும் ஓடியே தீரவேண்டும் என்பதும் பொருந்தாது. ஒரு வகையில் எஞ்சியது ஒன்றேயாயின், அதனை மாற்றாது காத்தல் பொதுநலக் கடமையாகும். பல எஞ்சியிருப்பின் சில சான்றாக நிற்கலாம்; ஏனையவை சந்தைக்குச் செல்லலாம். எதனை நிறுத்துவது, எதனை ஓட்டுவது என்பதைத் தீர்க்கும்போது, அதனாற் பிழைப்போரின் சொல்லும் கேட்கப்படுதல் வேண்டும். பிழைப்புக்கு ஈடு செய்யாது, பழைமையின் பெயரால் ஏழைச் சாரதி ஒருவரின் வண்டியை மாற்றாதே எனக் கட்டளையிடுதல், அவர் செலவில் பிறர் பெருமை கொள்ளுதலாகும்.

இதுகாறும் கூறியவற்றால், மூலத்தன்மை என்பது வண்டியின் இரும்பில் மட்டும் உறைவதன்று என்பதும், அதனை ஆக்கியோர், காத்தோர், ஏறிச்சென்றோர் ஆகிய மூவகையினரின் உழைப்பும் தேவையும் சேர்ந்து அமைந்த வரலாறே அது என்பதும் பெறப்படும். அவ்வரலாற்றைப் பொய்யாக்காத மாற்றம் ஏற்புடைத்து. பொய்யாக்கும் பேணுகை ஏற்புடைத்தன்று. பழைய வண்டி ஒன்றின் சாவியைப் பெறுபவர் அதன் உடைமையாளர் என்பதினும் அதன் அடுத்த காப்பாளர் என்பதே பொருந்தும். தாம் மாற்றியதை எழுதிவைத்து, கழற்றியதைச் சேர்த்துவைத்து, ஏறியவரைப் பழுதின்றி இறக்கிவிட்டு, அவ்வண்டியைப் பின்வருவோரிடம் ஒப்படைத்தல் அவர் கடனாகும்.